பின் சீட் என்னும் வதந்தி

ஜூன் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வாலு எழுதுவது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வண்டியை ஓட்டுவது நீங்கள் இல்லையே, நான்தானே.

ஏன் கடிதம் என்று முழிக்க வேண்டாம். அப்பாவின் போனில் மணியை எடுத்துவிட்டுக் கைக்குழந்தை வீறிடும் சத்தத்தை வைத்தேன். அது ஆபீஸ் மீட்டிங்கில் வீறிட்டதும் மேனேஜர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாராம். இப்போது என் போன் பீரோவில் சிறையிருக்கிறது. வீட்டுப் போனுக்கு அப்பாவே காவல். அதனால் பேனா.

விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுத்து, "தினமும் ஓட்டிப் பாரு. ஒரு குடும்பத்துக்கு இது சரிப்படுமான்னு எழுது" என்றீர்கள். கூடவே பல் டாக்டரிடம், "உங்க பொண்ணு பொடிச இனிமே வாலு ஸ்கூல்ல விட்டுடுவா" என்று என்னைக் கேட்காமலே தாராளப் பிரபுவாகிவிட்டீர்கள். போகட்டும். நீங்களும் டாக்டரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது.

வண்டி ஓட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியில் சின்னப் புள்ளியாகிவிடுகிறார். வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கிறது (என்னைப் போல இல்லை என்று அம்மா சொல்லச் சொன்னார்). டிக்கியும் பரவாயில்லை. பெட்ரோலும் நீங்கள் பயந்த அளவுக்குக் குடிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்பதும் உண்மைதான். ஏறுவது ஒரு ஸ்போர்ட், இறங்குவது இன்னொன்று.

ஆனால் விளம்பரத்தில் நாலு சீட் என்று போட்டிருந்தார்களே, அதில் பின்னால் இருக்கும் இரண்டும் வதந்தி. பொடிசின் குழந்தை சீட்டைப் பின்னால் மாட்ட வேண்டுமானால் முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ள வேண்டும். பிறகு நான் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, அவளுக்குப் பெல்ட் போட்டு, தலையை இடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். யானை படம் போட்ட தண்ணீர் பாட்டில் வீட்டில் இருப்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும். மறுபடி முதலிலிருந்து. பள்ளி வாசலிலோ கதவு நீளத்துக்குப் பக்கத்து வண்டி இடம் விடாது. நேற்று அவளை ஜன்னல் வழியாகப் பார்சல் மாதிரி வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

பொடிசுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பல் டாக்டர் வீட்டிலேயே பல் நிற்கவில்லை. "கார் மாமா எப்ப வருவாங்க?" என்று காற்றோடு கேட்கிறாள்.

இடித்த தலையுடன்,
வாலு

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். ஆனால் நீ அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுகிறாய். இந்த விலைக்கு இந்த எஞ்சின் வேறு எதில் கிடைக்கும்? மழையில் எப்படிப் பிடிக்கிறது என்று நீ எழுதவே இல்லை. வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் பார். முன் சீட்டை அதன் அடித் தண்டவாளத்தில் ஓரிரு துளை மட்டும் நகர்த்திப் பின் சீட்டை மறுபடி ஒரு தடவை சோதித்துப் பாரேன். மூன்று பேருக்கு இடம் வந்துவிடும் என்று என் மனசு சொல்கிறது.

வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது உன் பதிலைப் பொறுத்துத்தான். வேறு சில முடிவுகளும். அதனால் நிதானமாகப் பார்த்து எழுது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
சித்தப்பா

ஜூன் 18

சித்தப்பா,

அன்புள்ள என்று போட வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவசரம் இல்லையா? உங்களுக்கு இல்லை. மழையில் நன்றாகப் பிடிக்கிறது. வேகத்தடையில் அடி தட்டுகிறது, ஒவ்வொரு தட்டுக்கும் பொடிசு "ஐயோ பாவம்" என்கிறாள், வண்டியைப் பார்த்து. என்னைப் பார்த்து யாரும் சொல்வதில்லை.

மூன்று பேருக்கு இடம் கேட்டீர்களே, அதையும் சோதித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை டாக்டரின் ஸ்கூட்டர் பழுது. நான் ஓட்ட, பொடிசு பின்னால், டாக்டர் முன் சீட்டில். முட்டி இரண்டும் டாஷ்போர்டில் இடிக்க, கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "இதெல்லாம் எதுக்கும்மா எழுதி அனுப்புற?" என்றார். உங்கள் கட்டளையைச் சொன்னேன்.

கைப்பையை இறக்கி மடியில் வைத்தார். பிறகு, "எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கான்னு அவர் கார்கிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்காரா? என்கிட்ட ஒரு தடவை கேக்கச் சொல்லு" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய அக்கா தன் ஊருக்கே வந்து கிளினிக் வைக்கச் சொல்கிறாராம். அடுத்த மாதம் போய்விடலாம் என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். பாதிப் பொருள் அட்டைப்பெட்டியில். பொடிசின் பொம்மைகளையும் கட்டியாயிற்று. நீங்கள் இன்னும் சீட்டைத் துளை துளையாக நகர்த்துங்கள்.

உங்களுக்கு நிதானம் கூடிப்போச்சு. எனக்கு அது தீர்ந்துபோச்சு. அதனால் பின் கண்ணாடியில் ஒரு சின்ன அலங்காரம் செய்திருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். தானாகத் தெரியும்.

வெறுத்துப்போன,
வாலு

ஜூன் 25

அடியே வாலு,

கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று எழுதி ஒட்டி, என் நம்பரையும் போட்டிருக்கிறாயாமே! விடிந்ததிலிருந்து போன் ஓயவில்லை. ஒருத்தர் எடுத்த எடுப்பில், "கடைசியா சொல்லுங்க சார்" என்றார். நான் முதலில் எதுவும் சொல்லவே இல்லை. இன்னொருத்தர் தன் நாய் உட்காருமா என்று கேட்டு, நாயின் உயரம் வரைக்கும் சொன்னார். ஆபீஸில் எல்லோரும் என்னைத் தரகர் என்று கூப்பிடுகிறார்கள். நீ கையில் கிடைத்தால் தொலைந்தாய்.

மத்தியானம் ஒரு அம்மா. "பின் சீட்ல யாராவது உக்கார முடியுமா தம்பி?" என்றார். எனக்கு ஏற்கெனவே தலை கொதித்துக்கொண்டிருந்தது. "உக்கார முடியுமாவா? என் பொண்ணு தினமும் அதுலதாங்க ஸ்கூலுக்குப் போறா!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என்ன வயசு?" என்றார். ஆறு என்றேன். முன்பல் ரெண்டும் விழுந்திருக்கு என்றேன். யானை பாட்டில் இல்லாமல் கிளம்ப மாட்டாள் என்றேன். "சமத்தா இருக்கட்டும்ப்பா. சனிக்கிழமை வந்து வண்டியப் பாக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்புறம் எழுதவோ அளக்கவோ ஒன்றும் இருக்கவில்லை. நானே ஒரு நம்பரைப் போட்டுக் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன். "அவசரம் ஒண்ணும் இல்லையே? நிதானமா யோசிச்சுச் சொல்றேன்" என்றார். என் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாய், அப்படித்தானே?

அந்த அம்மாவுக்கு வண்டி பிடித்தால் கொடுத்துவிடு. குழந்தை சீட்டை மட்டும் பத்திரமாகக் கழற்றி வை. அடுத்த வண்டிக்கு அது வேண்டும். நாலு கதவு.

கோபமாக, ஆனால் அன்புடன்,
சித்தப்பா

ஜூன் 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சொன்னபடி இன்று அந்த அம்மா வந்தார். ஓட்டிப் பார்த்தார். பிடித்துவிட்டது. பின்னால் தன் தையல் துணி மூட்டைகள்தான் வருமாம், மூட்டைக்கு முட்டி கிடையாதே.

நானும் சீட்டைக் கழற்றலாம் என்று போனால், பொடிசு அதில் ஏறித் தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "கார் மாமா வந்தாத்தான் இறங்குவேன்" என்கிறாள். கெஞ்சினேன். மிரட்டினேன். யானை பாட்டிலைக் கடத்தினேன். அசையவில்லை.

கடைசியில் கிளினிக்கிலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தேன். இரண்டு அதட்டு போட்டு இறக்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். முட்டி இரண்டும் டாஷ்போர்டில் இடிக்க முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"நானும் இறங்கலன்னு எழுது" என்றார்.

அவர்கள் உள்ளே. வாங்க வந்த அம்மா வெளியே. சாவியோடு நான் நடுரோட்டில். எனக்கென்ன தலையெழுத்தா? லீவு போட்டுவிட்டு வந்து சேருங்கள்.

வாலு