தேவிகாபுரத்துக்காரியின் பெயர்

அக்கா,

நம் வம்ச மரத்தின் புதிய பிரதியை இன்று ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து சுருட்டி வாங்கிவந்தேன். பிரித்ததும் கூடம் முழுக்க மை வாடை. "இந்த வாடைக்கே பாதி தலைவலி போயிடுதுடா" என்பீர்கள். உலகத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

சொந்தத்தில் என்ன விசேஷம் என்றாலும் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருவது உங்கள் குரலாகத்தான் இருந்தது. பிறந்த குழந்தை, முடிந்த நிச்சயம் எல்லாம் சொல்லிவிட்டு, பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்லி ஓர் அதட்டல். பட்டுக்கடை வைத்திருக்கும் உறவினர்கள் அதற்குப் பயந்தே ஸ்கேன் செய்யும் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

மரம் தயாரானபோது உச்சியில் ஒரு கட்டம் மட்டும் காலி. வம்சத்தைத் தொடங்கிய மூத்தவருடைய மனைவியின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. வாழ வந்த பெண்ணை அவள் ஊரைச் சொல்லியே கூப்பிடுவது நம் வழக்கம். அவர் எல்லோருக்கும் தேவிகாபுரத்துக்காரி. அப்படியே போட்டுவிடலாம் என்றேன். "நாம இத்தினி பேரும் அவ வயித்துல வந்தவங்கதானே? அவளுக்கு ஒரு பேர் இல்லியா?" என்றீர்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில் மரத்தைக் கட்டியாக வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள்.

அப்போதுதான் அந்தக் கூத்து. சரிபார்ப்பதற்காகக் குழுவில் போட்ட படத்தில், களம்பூர் மாமாவின் பெயருக்கு முன்னால், காலமானவர்களுக்குப் போடும் 'தெய்வத்திரு'வைப் போட்டுவிட்டீர்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் வந்த வினை. போனவர் தாத்தா, மாலை விழுந்தது பேரனுக்கு. மறுநாள் காலையிலேயே மாமா பஸ் பிடித்து வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கிறவனை மேல அனுப்பிட்டியே! பச்சையம்மா வம்சம்மா நாங்க. அவ்ளோ ஜல்தியா போயிடுவமா?"

மன்னிப்புக் கேட்கப் போன நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"யாரு மாமா பச்சையம்மா?"

"அதான், தேவிகாபுரத்துக்காரி. எங்கம்மா சொல்லிகினே இருக்கும்."

"இத்தினி நாளா ஏங்க சொல்லல?"

"செத்தவன்கிட்ட யாரும்மா வந்து கேப்பாங்க?"

நீங்கள் சிரித்தீர்கள், அழுதீர்கள், இரண்டையும் நிறுத்தாமல் மாமாவுக்குக் கேசரி கிளறினீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு சொந்தத்தில் முதல் கல்யாணம், போன வாரம் இங்கே ஆரணியில். பந்தியில் பேச்சு உங்களைப் பற்றி வந்தது. போளூரில் வாழ்க்கைப்பட்டதால் சின்னவர்களுக்கு நீங்கள் போளூர் அத்தை. "போளூர் அத்தை இருந்தா இந்நேரம் மைக் கையில இருக்கும்" என்று யாரோ சொல்ல, பக்கத்து இலையில் இருந்த புது மருமகள் கேட்டாள்: "அவங்க பேரு இன்னாங்க?"

"போளூர் அத்தைதான்" என்றார்கள் சின்னவர்கள்.

எனக்குத் தாங்கவில்லை அக்கா. இலையை விட்டு எழுந்து நின்று, உங்கள் பெயரை உரக்கச் சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. கூச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த இலைக்காரியிடம் சொன்னாள். அவள் அதற்கடுத்தவளிடம். பாயசம் வருவதற்குள் உங்கள் பெயர் கடைசி இலைவரை போய்விட்டது.