தித்தனாரை மீட்டுவரக் கலம் விடுக்கும் ஓலை

மண் குளிர்க, மழை பொழிக, கடலேறிய கலம் எதுவும் கரை மறவாதிருக்க. வேங்கைமலை முதல் வெண்மணற்கரை வரை ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோ நன்னிலவர் திருவுளப்படி, அவர் அமைச்சன் நெடுங்கோளன் எழுதுவிக்கும் ஓலை. அலைக்கு அஞ்சாக் குடியில் தோன்றியவரும் சிப்பித்துறையின் காவலருமாகிய துறைநாயகம் ஏறங்கண்டனார் காண்க. தங்கள் துறையும் தங்கள் மனையும் தங்களை நம்பிய குடிகளும் நலம் பெறுக.

அகில்தீவுக்கு ஒரு கலம் விடுக்குமாறு முன்னர் எழுதினோம். மழைக்காலம் வந்து கடல் மூடும் நாள் நெருங்கிவிட்டது, இந்நாளில் புறப்படும் கலத்துக்கு எந்த வணிகக் குழுவும் காப்போலை எழுதவில்லை, காப்பில்லாமல் மாலுமிகள் கலத்தில் கால் வைக்க மாட்டார்கள் என்று தாங்கள் எழுதிய மறுமொழி அரசர் திருமுன் படிக்கப்பட்டது. ஒரு கிழவருக்காக இத்தனை உயிர்களைக் கடலில் இறக்கலாமா என்று அவர்கள் கேட்டார்களாம். அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் தீவில் நடந்ததை அவர்கள் அறியார். மொழிபெயர்ப்பாளர் வெண்ணி நங்கை அவையில் நின்று சொன்னதை இங்கே எழுதுவிக்கிறோம். துறையில் எல்லாரையும் கூட்டி இதைப் படிப்பிக்க.

புயலில் திசை தப்பிப் போன நம் முத்துக் குளிப்போரை அகில்தீவார் கொள்ளையர் என்று பிடித்துக் கல்குழிச் சிறையில் இட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஒருவன் சேந்தன். வெண்ணியின் உடன்பிறந்த தம்பி. அவர்களை மீட்கத் தூதர் தலைவராகப் பெரியவர் தித்தனார் தெரிவு செய்யப்பட்டார். தீவின் மொழி அறிந்தவர் நாட்டில் வெண்ணி ஒருவரே ஆதலின் அவரும் உடன் செல்ல வேண்டியதாயிற்று.

புறப்படுமுன் இருவரும் காப்போலை வாங்கத் தங்கள் துறைக்கு வந்தனர். அயல்நாட்டில் நோயில் விழுந்தால் மருத்துவம் பார்த்து வீடு சேர்ப்போம் என்று குழுக்கள் எழுதித் தரும் உறுதி அது. ஏழ்கடல் குழுவின் கொற்றன் அவர்களை வாசலிலேயே எதிர்கொண்டு இளநீர் தந்து உபசரித்தான். வெண்ணிக்குச் சிறு வயது முதல் இரைப்பு உண்டு. புகை பட்டால் மூச்சு அடைக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது கொற்றன் கையமர்த்தினான்.

“அம்மா, அதெல்லாம் எதுக்கு இப்போ? நீங்க சொல்லவும் வேண்டாம், நான் கேக்கவும் வேண்டாம். நல்லபடியா போய்ட்டு வாங்க.”

தித்தனாருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. நோயாளி என்று தெரிந்தால் தூதிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அவர் வெண்ணியின் காதோடு எச்சரித்தார். அவரும் நெஞ்சில் ஒரு வலியைச் சில காலமாக மறைத்து வந்தார் என்பது வெண்ணிக்கு அப்போது தெரியாது. அங்கேயே அவர் தம் ஓலையை வாங்கிக்கொண்டார்.

வெண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்த்தெருவில் நங்கூரக் குழுவின் சாத்தியம்மையிடம் போனார். சாத்தியம்மை இளநீரும் தரவில்லை, சிரிக்கவும் இல்லை. என்னென்ன நோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெண்ணி எழுந்து போகப் பார்த்தார். சொன்னால் அரசவை தன்னை நிறுத்திவிடும். நின்றுவிட்டால் தம்பிக்காகப் பேச அங்கே ஒரு நாக்கு இராது. சொல்லாமல் போய் நடு அவையில் மூச்சு நின்றாலும் அதே கதிதான்.

“நீ மறைச்சா இந்த ஓலை வெறும் பனையோலைதான், மகளே,” என்றார் சாத்தியம்மை. “உன்னைக் காப்பாத்த வேண்டிய நேரத்துல, அங்க இருக்கிற எங்க ஆளு மொதல்ல இதைத்தான் கேப்பான்.”

வெண்ணி சொன்னார். கூடுதல் தொகை கேட்கப்பட்டது, கொடுத்தார். எவற்றுக்குக் காப்பு உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதைச் சாத்தியம்மை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பின்னரே முத்திரை வைத்தார். வெண்ணி அஞ்சியபடியே செய்தி அவைக்கு எட்டியது. அவரை நிறுத்த வேண்டும் என்று சிலர் வாதாடினர். வேறு யாருக்கு அந்த மொழி தெரியும் என்று அரசர் கேட்டருளினார். அப்படி ஒருவரும் இல்லாததால் வெண்ணி கலமேறினார்.

தீவின் அரசவையில் நாள் முழுதும் அகில் புகைப்பது வழக்கம். பேச்சு தொடங்கிய சற்று நேரத்திலேயே வெண்ணிக்கு மூச்சு திணறியது. உதடு நீலம் பாரித்துத் தரையில் சாய்ந்தார். நங்கூரக் குழுவின் ஆள் அவரை மருத்துவச் சாலைக்குத் தூக்கிச் சென்றான். வாயிலில் ஓலையைப் பார்த்தார்கள், இரைப்பு என்று எழுதியிருந்தது, கதவு திறந்தது. உடல் தேறியதும் அவர் மீண்டும் அவைக்குப் போய், புகையை அணைத்தால்தான் பேச முடியும் என்று தீவின் அரசரிடமே முறையிட்டார். தூபங்கள் அணைக்கப்பட்டன. தித்தனார் தம் நாவன்மையெல்லாம் காட்டி வழக்கை எடுத்துரைக்க, வெண்ணி சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். சிறைப்பட்டோர் கொள்ளையர் அல்லர் என்று தீர்ப்பாகி அனைவரும் விடுதலை பெற்றனர்.

கல்குழியிலிருந்து ஏறி வந்த சேந்தன் அக்காளின் தோளைப் பற்றிக்கொண்டு நின்ற அதே முற்றத்தில் தித்தனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு அதே மருத்துவச் சாலைக்கு ஓடினார்கள். ஏழ்கடல் குழுவின் ஆள் வந்தான். இந்த வலி முன்பே உண்டா என்று கேட்டான். அந்நிலையில் பொய் சொல்ல மனம் வராத தித்தனார் தலையசைத்தார். முன்பே இருந்த நோய்க்குத் தன் குழு பொறுப்பன்று என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். வெண்ணி தம் ஓலையை நீட்டி, மருத்துவம் பார்த்து வீடு சேர்க்கத் தமக்குள்ள உரிமையை அவருக்கு மாற்றும்படி கெஞ்சினார். ஒருவர் பெயரில் எழுதியதை இன்னொருவருக்கு மாற்ற இயலாது என்றார்கள். கதவுக்கு வெளியே, கல்தரையில், தித்தனாரின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பொறுப்பேற்க ஓர் ஆள் பிணையாக நின்றால் உள்ளே எடுப்போம் என்று சாலையின் தலைவர் சொன்னார். கடல் மூடுமுன் நம் நாட்டுக் கலம் வந்து செலவைத் தீர்த்து அவரை ஏற்றிச் சென்றால் பிணைக்கு விடுதலை. வராவிட்டால் அந்த ஆள் கல்குழிக்குப் போக வேண்டும். வெண்ணி முன்னே வந்தார். சேந்தன் அவரைப் பின்னுக்கு இழுத்தான்.

“நீ போய் அரசர்கிட்ட சொல்லணும், அக்கா. நான் போய் என்ன பேசுவேன்? குழி எனக்குப் பழகின இடம்தானே.”

அவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம். மீட்கப்பட்ட மற்றவர்களோடு வெண்ணி வந்த கலத்திலேயே திரும்பினார்; அசைக்கவே கூடாத நிலையில் இருந்த தித்தனாரை அதில் ஏற்ற முடியவில்லை. தித்தனார் இப்போது உயிரோடு இருக்கிறார், எழுந்து நடக்கவில்லை. அவர் கட்டிலருகே, விடுதலை பெற்ற அன்றே அதை அடகு வைத்த ஒருவன் அமர்ந்திருக்கிறான்.

ஆகவே அரசர் இட்டருளும் ஆணை இது. எந்தக் குழுவும் காப்போலை எழுதாத கடலுக்கு அரசே காப்பு எழுதுகிறது. இக்கலத்தில் ஏறும் மாலுமி ஒவ்வொருவர் பெயரும், அவர் மனையும் மக்களும் யார் என்பதும், அவருக்குள்ள நோயும் வெட்கமின்றிக் கேட்டு எழுதப்படுக. நோய் சொன்னான் என்று எவனும் நீக்கப்படலாகாது. ஒருவன் திரும்பாது போயின் அவன் வீட்டு அடுப்பு அரண்மனைக் களஞ்சியத்தால் எரியும். ஒருவன் நோயுற்றால் அவன் எந்தக் கரையில் கிடந்தாலும் அங்கே நம் பொருளும் ஆளும் சென்று சேரும். விருப்பமில்லாதவனை வற்புறுத்தி ஏற்றவேண்டா.

இனிக் காப்போலை விற்போர் எவராயினும், எதற்குக் காப்பு இல்லை என்பதை வாங்குபவரின் மொழியில் வாய்விட்டுப் படித்த பின்னரே முத்திரை வைக்கக் கடவர். நோயை மறைக்கச் சொல்லி ஓலை விற்ற கொற்றனின் கடை மூடப்படுக. அவனை நம் அவைக்கு அனுப்புக.

வெண்ணி நங்கை மீண்டும் செல்கிறார். ஓய்வெடுக்குமாறு அரசர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. இவ்வோலையைச் சுமந்து வருபவர் அவரே. அவர் துறையில் நிற்கும் நேரம் குறைவாக இருக்கட்டும்.

வேங்கைப்பூ முத்திரை இட்டு, அரசர் கைவிரல் பதித்து அரக்கு வைத்தோம். இதற்கு மறுமொழி எழுதவேண்டா. பாய் விரிந்த செய்தி ஒன்றே மறுமொழியாகுக.