சவுக்காரக் கஞ்சியும் கம்பத்துப் பூவும்

இன்று குளிக்கப் போகுமுன் மகளின் ஷாம்பு போத்தலை எடுத்தேன். பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை அவளையே படித்துச் சொல்லச் சொன்னேன். நுரைத்து எண்ணெய்ப்பசையை எடுக்க ஒன்று, முடியைப் படிய வைக்க எலுமிச்சைப் புளிப்பு, மினுமினுப்புக்கு ஏதோ புரதம், தண்ணியாகிவிடாமல் கெட்டியாக இருக்க உப்பு.

"ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றாள். தோழி, உன்னை நினைத்துத்தான் என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்?

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால், மலாயாவில் பத்து பாகாட் ஊரில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். உன் தங்கையைப் பெண் பார்க்க மூவாரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சுத்த சைவக் குடும்பம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் நீ தவித்தாய்.

"சீயக்கா வாசம் வந்தா பட்டிக்காடுன்னுடுவாங்க. ஷாம்புதான் போடணும்," என்றாய். கடையில் ஷாம்புத் தூள் தீர்ந்திருந்தது. நீயே காய்ச்சக் கிளம்பிவிட்டாய்.

துணி துவைக்கும் சவுக்காரத்தைச் சீவிக் கொதிக்க வைத்தாய். நுரை பத்தாதென்று சலவைச் சோடா. மினுமினுப்புக்கு முட்டை, அதைச் சட்டி கொதிக்கும்போதே உடைத்து ஊற்றினாய்.

ஆற வைத்துத் தேய்த்துக் குளித்த தங்கையின் முடி துடைப்பமாக விறைத்து நின்றது. சோடா முடியை முரடாக்கியிருந்தது; சவுக்காரம் கிணற்றுத் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக அப்பியிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து அலசிய பிறகுதான் பிசுக்கு விட்டது, முடியும் படிந்தது. வெந்த முட்டைத் துணுக்குகள் மட்டும் வருவேனா என்றன. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பின்னலையே பார்த்தார். "தலையில வெள்ளையா அது என்ன பூ?"

நீ கண் கொட்டாமல் சொன்னாய்: "கம்பத்துப் பூங்க. மலாய்க்காரங்க கிராமத்துல, கம்பத்துப் பக்கம் பூக்கும்."

அந்த அம்மா ஒன்றைக் கிள்ளி எடுத்து முகர்ந்தார். "எங்க பக்கத்து வீட்டுலயும் இருக்கும்மா. விடிஞ்சா கொக்கொக்குன்னு கத்தும்."

முதலில் சிரித்தவள் உன் தங்கைதான். சிரிப்பை அடக்கத் தெரியாத பெண். அடுத்து அந்த அம்மாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க வீட்டுல இப்படிச் சிரிக்க ஆளே இல்ல. பொண்ணைக் குடுத்துடுங்க. கோழி மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

நீ கண்ணை மூடிய பின் உன் காரியத்தன்று உன் தங்கை இதைச் சொல்லித்தான் என் தோளில் சாய்ந்து அழுதாள். வரும் ஞாயிறு அவள் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். எசகுபிசகாக ஏதாவது கேட்டால் பதில் சொல்ல, உன் இடத்தில் நான்தான் உட்கார வேண்டுமாம். உன்னைப் போல் முகம் மாறாமல் பொய் சொல்லக் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். பாதியிலேயே சிரித்துவிடுகிறேன்.