பூண்டு கருகாத சூடு

18 ஜூன் 2025, புதன்

அன்றைக்குத் தேங்காய்ப்பால் சொதி திரிந்துபோன பிறகு நான் ஏன் இரண்டாவது தடவை வைத்துப் பார்க்கவில்லை?

கல்லூரித் தோட்டத்தில் ஒரு செடி பட்டுப்போனால் மண்ணைப் பார், தண்ணீரைப் பார், மறுபடி நடு என்று மாணவிகளிடம் சொல்கிறவள் நான். அடுப்பில் மட்டும் ஒரே தடவையில் ஒதுங்கிக்கொண்டேன்.

காலையில் திருநெல்வேலியிலிருந்து கடற்கரை அண்ணாச்சி போன். என் வீட்டுக்காரர் செந்தில்வேலுடைய கல்லூரி சிநேகிதர். சாரல் எப்படி இருக்கு, எப்ப வரலாம் என்று விசாரித்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"மதினி எப்படி இருக்காவ?"

"அவளுக்கென்னலே, வெந்நி வைக்கக்கூடத் தெரியாம ராணி மாதிரி இருக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எதிரில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் குற்றால சீசனில் இந்தச் சிநேகிதர்களுக்குத்தான் சொதி வைத்தேன். அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஊற்ற வேண்டிய கெட்டியான முதல் பாலை ஊற்றிவிட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். தேங்காய்ப்பால் திரிந்து, தண்ணீர் தனி, திப்பி தனி. "இதை வேட்டிக்குக் கஞ்சி போடலாம்லே" என்றார் என் வீட்டுக்காரர், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி. அன்றிலிருந்து சமையல் செந்தில்வேல் கையில். நன்றாகச் சமைப்பார், மறுக்க முடியாது. அந்தக் கதையையும் நன்றாகச் சொல்வார். சீசனுக்குச் சீசன் அதில் ஏதாவது ஒன்று கூடும். போன வருஷம் நாய்கூடக் குடிக்கவில்லை என்று சேர்ந்தது. அப்போது எங்கள் வீட்டில் நாயே கிடையாது.

கல்லூரியில் எங்கள் தாவரவியல் துறையில் எல்லோரும் சொல்வது: "ஸ்ரீமதி மேடம் குடுத்துவச்சவங்க."

21 ஜூன், சனி

போனில் ஒரு பெண் பூண்டு ரொட்டி செய்து காட்டினாள். கார்லிக் பிரட். ரொம்ப ஈஸி, பத்தே நிமிஷம் என்றாள். ஈஸி என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். நம்பவில்லை. ஆனாலும் மூன்று தடவை பார்த்தேன்.

இவர் செய்யாத பண்டம் அது ஒன்றுதான். "ரொட்டியெல்லாம் காய்ச்சக்காரன் திங்கது" என்பார். ஆகவே அது இன்னும் யாருக்கும் சொந்தமில்லை.

இந்த சீசனுக்கு அவர்கள் வரும்போது, அந்தக் கதையைத் தொடங்குவதற்கு முன்னால், என் கையால் செய்த ஒன்றை அவர்கள் முன் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

24 ஜூன், செவ்வாய்

இவர் உரக்கடையை அடைத்துவிட்டு வர எட்டு மணியாகும். நான் நாலரைக்கு வந்துவிடுகிறேன். இடைப்பட்ட நேரம் என்னுடையது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில் ரொட்டி வாங்கினேன். இனிப்பு ரொட்டி. எனக்குத் தெரிந்த ரொட்டி எல்லாம் அதுதான். சர்க்கரைத் தித்திப்பின் மேல் பூண்டும் உப்பும். வாயில் வைக்க முடியவில்லை.

அல்லியம் சட்டைவம், பூண்டின் தாவரவியல் பெயர். எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன்! உரிக்கத் தெரியவில்லை. நகக்கண் எரிகிறது.

26 ஜூன்

சால்ட் பிரட் என்று கேட்டு வாங்கினேன். பூண்டு கருகிவிட்டது. கசப்பு.

27 ஜூன்

கசப்பு.

30 ஜூன், திங்கள்

வீட்டுக் குப்பையில் போட்டால் தெரிந்துவிடும். கருகினதையெல்லாம் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்து, கல்லூரிக் குப்பைத்தொட்டியில் போடுகிறேன். இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி, "மேடம், எங்கனயோ பூண்டு வாசம் வருதுல்லா?" என்றாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். சாரல் உள்ளே அடித்தது. பாடம் நின்றது.

இந்த வயதில் திருட்டுத்தனம். அதுவும் எதை? ரொட்டியை!

2 ஜூலை, புதன்

கண்டுபிடித்துவிட்டார். வந்ததும் தோசைக்கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான். பசிச்சுது."

"ஏட்டி, பசிச்சா ஒரு போன் போட வேண்டியதுதான? நான் வந்து போட்டுத் தரமாட்டேனா? கல்லு போச்சே, நாளைக்குத் தோசை எழும்புமா?"

கோபம்கூட இல்லை. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாசத்துக்கு என்ன பதில் சொல்ல? அரைமணி நேரம் கல்லைத் தேய்த்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், அடிபட்ட பிள்ளைக்கு மருந்து போடுகிற மாதிரி.

3 ஜூலை

எனக்கென்று ஒரு கல் வாங்கினேன். சின்னது. பீரோவில், சேலைகளுக்குக் கீழே.

6 ஜூலை, ஞாயிறு

இவர் கடையம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். தலைவலி என்று நான் போகவில்லை.

இன்று வந்தது.

வெண்ணெயை வெளியில் வைத்து இளகவிட்டேன். பூண்டைத் தட்டாமல் பொடியாக நறுக்கி, உப்பும் மல்லித்தழையும் சேர்த்து வெண்ணெயோடு குழைத்தேன். ரொட்டியின் ஒரு பக்கத்தை வெறுமனே வாட்டினேன். பிறகு மறுபக்கத்தில் தடவிக் கல்லில் கவிழ்த்து, அடுப்பை அணைகிற அளவுக்குக் குறைத்து, ஒரு தட்டால் மூடினேன். மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதுவரை நின்றதே இல்லை. பயத்தில் தீயைக் கூட்டிக்கூட்டி முடிக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

பூண்டு பொன்னிறம். கசக்கவில்லை.

ஆறவிட்டால் சாரல் காற்றில் கால்மணி நேரத்தில் தொய்ந்துவிடுகிறது. கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போக வேண்டும். அதையும் தெரிந்துகொண்டேன்.

நாலு துண்டு நின்றுகொண்டே தின்றேன். அப்புறம்தான் உறைத்தது. சூடுதான். அன்றைக்கு அந்தச் சொதியும் சூட்டில்தான் திரிந்தது. இவர் சொதி வைக்கும்போது முதல் பால் ஊற்றுமுன் அடுப்பைக் குறைப்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! 'தீயைக் குறைச்சு வை' என்று ஒரு வார்த்தை. அன்றைக்கே இவர் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எப்போதாவது.

சொல்லியிருந்தால் கதை போயிருக்கும்.

11 ஜூலை, வெள்ளி

நாளை வருகிறார்கள். கடற்கரை அண்ணாச்சி, பாரூக் அண்ணாச்சி, ஏசுதாசனும் அவர் மனைவி ஜாயும். இரண்டு பாக்கெட் சால்ட் பிரட் வாங்கி வைத்தேன். "யாருக்குட்டி காய்ச்சல்?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன்.

12 ஜூலை, சனி

மத்தியானம் ஐந்தருவியிலிருந்து ஈரத் துண்டோடு வந்து இறங்கினார்கள். நல்ல பசி. இவர் தாளிக்கத் தொடங்குமுன் பீரோவிலிருந்து என் கல்லை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாவது அடுப்பில் வைத்தேன். பார்த்தார்.

முதல் தட்டு போனது. இரண்டாவது, மூன்றாவது. கூடத்தில் பேச்சு நின்று மொறுமொறு சத்தம்.

"மதினி, நீங்களா போட்டிய?" கடற்கரை அண்ணாச்சி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். "ஏலே வேலு, வெந்நி வைக்கத் தெரியாதுன்னு சொல்லுவியே!"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

இவர் சொன்னார்: "யாரு ட்ரெயினிங்? ஒரு வாரமா பக்கத்துல நின்னுல்லா சொல்லிக்கொடுத்தேன். முதல்ல எத்தனை ரொட்டியக் கரிச்சான்னு கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். "வாத்தியாரம்மாவுக்கே வாத்தியாராலே நீ" என்றார் பாரூக் அண்ணாச்சி.

கல்லில் துண்டு கிடந்தது, திருப்பிப் போட்டேன்.

ரொட்டி கரிந்தது இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஊகித்திருக்கிறார். சரியாக ஊகித்திருக்கிறார். அதுதான் எரிகிறது.

இப்போது எல்லோரும் பழைய குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும். நாளை அவர்கள் கிளம்புமுன் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். "இவர் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு வார்த்தைகூட." சத்தம் போடாமல், வகுப்பில் பேசுகிற மாதிரி. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். குரல் நடுங்கவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

சொல்லவில்லை. நடந்தது இது.

காலையில் பாரூக் அண்ணாச்சி, "அந்த ரொட்டி இன்னிக்கும் கிடைக்குமா மதினி?" என்றார். வாய் திறந்தேன். தயாரித்து வைத்த வாக்கியம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நேத்து சிஷ்யை கையால சாப்பிட்டிய. இன்னிக்குக் குரு கையால சாப்பிடுங்க."

கைதட்டினார்கள். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு வந்தார். தன் பெரிய கல்லை வைத்தார். தீ முழுக்க. வெண்ணெய் உருகிப் பொரிந்தது. குழம்புக்குப் போடுகிற மாதிரி பூண்டை அதில் கொட்டினார்.

அடுப்புக் குமிழ் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. 'தீயைக் குறைங்க.' அதே ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. கை கட்டி நின்றேன்.

புகை. கருகல் நெடி கூடம்வரை போயிற்று. கறுத்த பூண்டோடு ரொட்டியைத் தட்டில் அடுக்கி அவரே கொண்டுபோனார்.

இனிமேல்தான் நான் எதிர்பாராதது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடற்கரை அண்ணாச்சி ஒரு கடி கடித்துவிட்டு, "அருமைலே" என்றார். பாரூக் அண்ணாச்சி தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார். ஏசுதாசன் கறுப்பை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தின்றார். இவர், "ஹோட்டல்ல இப்படித்தான் செவக்கவிடுவான்" என்றார். ஆமா ஆமா என்றார்கள். ஜாய் மட்டும் தன் துண்டைத் தட்டோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "வயிறு ஒரு மாதிரி இருக்குக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ரொட்டிக்குக் கதை வராது. அடுத்த சீசனில் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. என் சொதிக்கு மட்டும்தான் இத்தனை வருஷ ஆயுசு.

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். இவர் படுத்துவிட்டார். கரிந்த கல்லைத் தேய்க்கவில்லை. நானும் தேய்க்கவில்லை.

தேங்காய் உடைத்தேன். பால் பிழிந்தேன், மூன்று பால். பாசிப்பருப்பு, காய்கள். முதல் பால் ஊற்றுமுன் அடுப்பைக் குறைத்தேன். ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்தேன். திரியவில்லை.

மத்தியானம் இலை போட்டு ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார். கை ஒரு கணம் நின்றது. என்னவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவையும் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார். ஊற்றினேன்.