பட்டியலில் அப்பா பெயர்

அம்மாவுக்கு உன் பெண் எழுதுவது. உன் முதுகுவலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. வந்த அன்றைக்கே பக்கத்துக் கட்டில்காரி, "உங்கப்பா என்னடி பண்றாரு?" என்று கேட்டாள். "டயர் கடை வச்சிருக்காரு, ரேஸ் கார் ஓட்டுறாரு" என்று வாய் சொல்லிவிட்டது.

"ஜெயிப்பாரா?"

எப்போதும் கடைசிதான் என்றேன். "மெதுவா போனாத்தானே கார்ல எழுதியிருக்கிற நம்ம கடை பேரை ஜனங்க படிப்பாங்க" என்று அப்பா நம்மிடம் சொல்வாரே, அதையும் சொன்னேன். அறையே சிரித்தது. அவர் இறந்து நாலு மாதமாகிறது என்று அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இன்று வார்டன், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டார். பொய் சொன்னது தெரிந்தால் என்ன செய்வாரோ.

வரும்போது இரண்டு ஜோடி சாக்ஸும், நீ போர்த்திக்கொள்ளும் பழைய சால்வையும் கொண்டுவா. துவைக்க வேண்டாம்.

காலடிச் சத்தம் கேட்கிறது. வார்டனிடம் நீயே சொல்லிவிடு, அம்மா. அப்பா பெயரை அடிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.