படத்தில் ஓடிய பட்டறை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் அதே போல இருந்தால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். இது நான் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிப்பு வந்தால் சிரி, ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சிரி. நம் கால்பந்து கிளப்பில் கேலரிக்குக் கீழே உள்ள அறையில் சாயங்கால வகுப்பு நடக்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா, அங்கே கற்றதுதான் இதெல்லாம். டிக்கெட் கவுண்டரில் உட்காரும் அம்மாதான் எங்களுக்கு டீச்சர். பெஞ்சு நிறைய என்னைப் போலக் கிழங்கள். அந்த அம்மா பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களை மைதானத்துக்குள் கூட்டிப் போய்ச் சுற்றிலும் இருக்கும் விளம்பரப் பலகைகளைப் படிக்கச் சொல்வார். அப்படி நான் முதன்முதலாக ஒருவர் உதவியும் இல்லாமல் படித்தது ஒரு பெயின்ட் விளம்பரம், எவ்வளவு மழை பெய்தாலும் பளபளப்பு மாறாது என்று போட்டிருந்தது. படித்து முடித்த சந்தோஷத்தில் நம் ஆள் கோல் அடித்த மாதிரி கத்திவிட்டேன், புல்லுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுப் பைப்பை என் மேலேயே திருப்பிவிட்டார். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினாலும் வாய் சும்மா இருப்பதில்லை, வழியில் வருகிற பலகை எல்லாவற்றையும் படித்துக்கொண்டே போகிறேன், உன் அம்மா, "மனசுக்குள்ள படிங்க, பஸ்ஸே நம்மளத்தான் பாக்குது" என்கிறாள்.

படிக்கத் தெரிந்ததில் ஒரு கஷ்டமும் இருக்கிறது தம்பி. நம் கடைத்தெருவில் பலகைகள் இருக்கின்றன, கடைகள் இல்லை. படிக்கத் தெரியாத காலத்தில் மூடின ஷட்டர் வெறும் ஷட்டர்தான், இப்போது ஒவ்வொன்றும் தன் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கிளப்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறாய். பம்பு ஆலையில் ஷிப்டு முடிந்து ஆட்கள் எண்ணெய்க் கையோடு உதைத்த பந்து இன்றைக்கு முதல் டிவிஷனில் உருள்கிறது, பம்புக்காரர்கள் என்றால் தேசத்துக்கே தெரிகிறது. நானும்தான் மார்தட்டிக்கொள்கிறேன், மேட்ச் முடிந்த மறுநாள் காலையில் கேலரி நாற்காலிகளின் நட்டு முறுக்குகிற வேலை என்னுடையது, ஜனங்கள் குதிக்கிற குதியில் பாதி நட்டு கழன்று கிடக்கும், அதிகம் கழன்றிருந்தால் நாம் ஜெயித்திருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் ஆலை மூடினது மூடினதுதான். பம்பு செய்த ஊருக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்தால் பெரிது. வெளியூர் ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், மைதானத்து வாசலில் இறங்குகிறார்கள், கத்துகிறார்கள், வாசலிலேயே ஏறிப் போய்விடுகிறார்கள். டீயும் உள்ளேயே விற்பதால் ஊருக்குள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் போவதே நல்லது என்றுதான் நாங்களும் இருந்தோம்.

இனி சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன், இதுவரை எழுதினதெல்லாம் அதைத் தள்ளிப் போடத்தான். நீ பார்த்த அந்தப் படம் இருக்கிறதே, பகலெல்லாம் உழைத்துச் சாயங்காலம் பந்து விளையாடுகிற ஊர் என்று கிளப் எடுத்து உலகமெல்லாம் சுற்றுகிற படம், அதில் வருகிற நம் லேத் பட்டறை ஓடவில்லை. ஆலை மூடின பிறகு அது ஒரு நாளும் ஓடவில்லை. ஆர்டர் குறைவு, மெதுவாக நடக்கிறது என்று உனக்கு நான் சொல்லிக்கொண்டு வந்ததும் பொய்தான். லேத்தின் மோட்டார் எரிந்து போய் மூலையில் கிடக்கிறது. கேமராவோடு வந்த பையன் நல்லவன்தான், மரியாதை தெரிந்தவன். கடைத்தெருவில் நின்று மூடின ஷட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நாக்கால் "ச்சு" என்று ஒரு சத்தம் போட்டான் பார், அடிபட்ட நாயைப் பார்த்துப் போடுகிற சத்தம், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இங்க பழைய தொழில் ஏதாச்சும் நடக்குதா தாத்தா?" என்று கேட்டான். "நடக்காம என்ன, இன்னைக்கு லீவு. நாளைக்கு வந்து பாருங்க" என்று சொன்னது நான்தான். கிளப்பும் சொல்லவில்லை, அதன் கமிட்டியும் சொல்லவில்லை, உன் அப்பன் சொன்னான்.

ஆலையில் வெறும் ஓட்டம் என்று ஒன்று உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். முதலாளி சுற்றிப் பார்க்க வருகிற நாளில் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா மெஷினும் ஓடியாக வேண்டும், வேலை இல்லாத மெஷினிலும் ஒருவன் நின்று எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பொய் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை, வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல சட்டை போடுவதில்லையா, அந்த மாதிரிதான். அதனால் நான் அன்றைக்கு வீடு வீடாகப் போய், "நாளைக்கு வெறும் ஓட்டம்" என்று சொன்னது போதும், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பையன் கேட்டது ஏதோ ஒரு தொழில், நாங்கள் ஊரையே ஓட்டிக் காட்டினோம். சலூன்காரர் தூசி படிந்த நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். பாத்திரக் கடைக்காரர் தன் வீட்டுச் சமையல்கட்டையே எடுத்து வந்து அடுக்கினார், அவர் மனைவி அன்றைக்கு முழுக்க அடுப்பு மூட்டவில்லை. வாடிக்கையாளர் வேண்டுமே, நாங்கள் நாலைந்து பேர்தான் மாறி மாறி. தொப்பி போட்டால் சலூனில் காத்திருக்கிற ஆள், தொப்பியைக் கழற்றினால் பாத்திரக் கடையில் பேரம் பேசுகிற ஆள். பட்டறைக்கு வந்தபோது தார்ப்பாய்க்குப் பின்னால் கிளப்பின் மசாஜ்காரர் நின்று பெல்ட்டைக் கையால் இழுத்தார், "பிளேயர் தொடையே பரவாயில்ல பெரியவரே, உங்க லேத்து நகர மாட்டேங்குது" என்று மூச்சிரைத்தார். பொறி பறந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்றான் அந்தப் பையன். லேத்தில் இரும்புச் சுருள்தான் வரும், பொறி பறக்காது என்றேன், கேட்கவில்லை, பக்கத்தில் சாணைக்கல்லை ஜெனரேட்டரில் ஓட்டிப் பொறி பறக்க வைத்தார்கள். நீயும் டர்னர்தானே, லேத்தில் அவ்வளவு பொறி பறந்ததைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வரவில்லையா? வரவில்லைதான். நம்ப வேண்டும் என்று உனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

படம் வந்த அன்றைக்கே நீ போன் பண்ணினாய். "அப்பா, பட்டறைய முழுசா ஓட்டுறீங்களா, ஏன்ப்பா சொல்லவே இல்ல" என்றாய். கப்பல் கட்டுகிற கூடத்துக்குள் காலையில் நுழைந்தால் வெயிலைப் பார்க்காமலே வெளியே வருகிறேன் என்றாய், பாப்பாவுக்கு நம்ம பேச்சே மறந்து போகுது என்றாய், மாசக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், ரெண்டு பேருமாக ஓட்டலாம் என்றாய். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், டேய் அது வெறும் ஓட்டம்டா என்று ஒரு வார்த்தை போதும். என் வாயில் வந்தது என்ன தெரியுமா, "வாடா, உனக்கில்லாத பட்டறையா". அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லிவிடுவது என்று நானே போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் நம் கோல்கீப்பரின் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அந்த முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் சலூன்காரர் மகன் வந்து இறங்கினான். உன்னோடு படித்த ஒல்லிதான், இப்போது ஒல்லியாக இல்லை. பெண்டாட்டி, கைக்குழந்தை, பெட்டி படுக்கை எல்லாவற்றோடும் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடை முன்னால் நிற்கிறான், ஷட்டர் மூடியிருக்கிறது, பூட்டில் துரு. அப்பா சாப்பிடப் போயிருப்பார் என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். நான்தான் அந்த வழியாக வந்தேன். "மாமா, கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று என்னையே கேட்டான். அவன் வெளியூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், அப்பாவோடு நின்று முடி வெட்டப் போகிறானாம். எல்லாம் தெரிந்த பிறகு அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "அப்பா மட்டும் இருந்தா ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன் மாமா. படத்துல வரிசையில நீங்க உக்காந்திருந்தீங்க. நீங்களே காத்துக்கிட்டிருக்கீங்கன்னா கடை நல்லா ஓடுதுன்னுதானே நெனைப்பேன்" என்றான். சலூன்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று நான் அவரை வழி மறித்துக்கொண்டு நின்றபோது, "உன் தலையில வெட்டறதுக்கு முடியே கெடயாது, உன்னப் போயி வரிசையில உக்கார வெச்சேனே, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒல்லி இப்போது மேட்ச் நாட்களில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துப் பார்க்கிங்கில் பஸ்ஸுக்குக் கை காட்டுகிறான். மற்ற நாட்களில் வெறுமனே இருக்கிறான்.

அவனைப் பார்த்த அன்றைக்குக் கிளப்புக்குப் போய் என் பட்டறையைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். கேமராப் பையன் என் தோளில் கை போட்டு, "தாத்தா, படத்துலயே அதுதான் பெஸ்ட் சீன், எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க" என்றான். கமிட்டியில் ஒருவர், "எதுக்குங்க இப்ப ஊர் மானத்த வாங்கறீங்க, படத்தப் பாத்து யாராச்சும் ஆலைய வாங்க வந்தாலும் வருவாங்க" என்றார். அவரும் கெட்டவர் இல்லை, அவர் மகனும் வெளியூரில்தான் இருக்கிறான். கிளப்பின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, பையன்கள் உயிரைக் கொடுத்து விளையாடுகிறார்கள், நாளைக்கு மேட்ச் என்றால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. ஊர் ஏழையானதிலும் எனக்கு வெட்கமில்லை தம்பி, அது நாம் செய்ததில்லை. ஒரு பிள்ளையாண்டான் "ச்சு" கொட்டினதைப் பொறுக்காமல் அந்த ஏழ்மையை ஒளித்து வைத்தேனே, அதற்குத்தான் வெட்கம். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது, எழுத எழுத்துக்கூட்டும்போதே கை நின்றுவிடுகிறது. நான் வாடா என்று சொன்னது வாய் தவறி வந்தது இல்லை. பட்டறை ஓடாது என்று தெரிந்தும், நீ வந்தால் பட்டினி என்று தெரிந்தும், வந்துவிட்டால் திரும்பிப் போக மாட்டாய் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். பெற்ற பிள்ளையைப் பொய் காட்டிக் கூப்பிடுகிற அளவுக்கு ஆசை வந்துவிட்டது.

அதனால் நோட்டீஸ் கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே மேஸ்திரியைப் பார்த்துத் திரும்ப வாங்கு, கௌரவம் பார்க்காதே, அப்பா செய்த தப்பு என்று என் மேலேயே பழியைப் போடு, உண்மையும் அதுதான். மருமகள் கோபித்துக்கொண்டால் அவள் பக்கம்தான் நியாயம், எதிர்த்துப் பேசாதே. பேத்தியோடு வீட்டுக்குள் நம் பேச்சிலேயே பேசு, அதற்கு ஊருக்கு வர வேண்டியதில்லை. வெயில் படுகிற பக்கம் வேலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார். தபாலில் போட்டால் மாசக் கடைசி தாண்டிவிடும் என்று டீச்சரம்மா இதைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார், அவர் இதைப் படிப்பாரே என்று கூச்சமாக இருந்தது, படிக்கட்டும்.

உன் அம்மாவுக்கும் தெரியும். சொல்லாதீங்க, வரட்டும், வந்தப்புறம் பாத்துக்கலாம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் வருவீர்கள் என்று பின்னறையைக் கழுவி, அங்கிருந்த தையல் மெஷினை முன்னறைக்குத் தள்ளி, கட்டிலைச் சுவரோரமாகப் போட்டு, பாப்பா உருண்டு விழக் கூடாதென்று இந்தப் பக்கம் பெஞ்சை அணைத்து வைத்திருந்தாள். இப்போது இதை முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடிந்ததும், "அனுப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். முன்னறையில் தையல் மெஷினை இழுக்கிற சத்தம் கேட்கிறது. பின்னறைக்கே கொண்டுபோகிறாள். தனியாக அவளால் வாசற்படி தாண்ட முடியாது, நான் போய் மறுபக்கம் பிடிக்க வேண்டும்.

மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. மறந்துவிடாதே, முதலில் மேஸ்திரியைப் பார், பிறகு எனக்குப் பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி, நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு ஆசைப்பட்ட
அப்பா