மூன்று பேர் போட்டோ

1947 டிசம்பர் 2, செவ்வாய்

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வயலிலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் நின்றுகொண்டு, "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அரியலூரு போயி மூணு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்குவோமா?" என்றார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவராக ஆசைப்பட்டு ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை.

"சவரியம்மா இருந்தப்ப அடுத்த வருசம், அடுத்த வருசம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப அவ மொகம் எங்கயுமே இல்ல" என்றார். சவரியம்மாள் அவருடைய முதல் மனைவி. விண்ணரசியின் அம்மா. நாலு வருடத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் போனவள்.

சரி என்றேன். எனக்கும் ஆசைதான்.

டிசம்பர் 4

ரேஷனில் தரும் கண்ட்ரோல் துணியில் பூப்போட்டது ஒன்றுமில்லை. என் மஞ்சள் சேலையையே வெட்டி விண்ணரசிக்குப் பாவாடை தைக்கலாம் என்று அளவெடுத்தேன். பத்து வயதுப் பிள்ளை, அசையாமல் நின்றாள். "இறுக்கமா இருக்கா?" என்றால் "இல்ல டீச்சர்." பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நான்தான் டீச்சர். வீட்டிலும் அப்படியேதான் கூப்பிடுகிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில், அவர் யாரிடமோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். விண்ணரசி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் போட்டோவுக்கு வரல டீச்சர்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க பக்கத்துல நின்னா, பின்னால பாக்குறவங்க நீங்கதான் எங்க அம்மான்னு நெனச்சுக்குவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள். அவ சொன்னதுல என்ன தப்பு இருக்கு? பாக்குறவங்க அப்படித்தானே நெனைப்பாங்க. நானும் அதத்தானே ஆசப்பட்டேன் — அதுதான் சுருக்குன்னு இருக்கு.



டிசம்பர் 8

அமலோற்பவ மாதா திருநாள். மாதாவின் அந்தப் பெயர்தான் எனக்கும், அதனால் என் பெயர்நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. துணி துவைத்தேன்.

டிசம்பர் 10

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சின்னப் புள்ள பேச்சு. கூட்டிட்டுப் போயி நிறுத்துனா நிக்கிறா" என்றார்.

"இழுத்துட்டுப் போயி நிறுத்துற போட்டோ எனக்கு வேணாங்க."

"அப்ப விட்டுருவோம்."

விட்டுவிட்டோம். பாவாடை பாதி தைத்தபடி கிடக்கிறது.

டிசம்பர் 13, சனி

சவரியம்மாளின் தங்கை பாத்திமா மேரி வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்தாள், பிள்ளையைப் பார்க்க. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் கேட்டபோது கூச்சமாக இருந்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். முற்றத்தில் அவள் விண்ணரசிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "சித்தி, எனக்கு அம்மா கை நெனப்பிருக்கு. மொகம் வரவே மாட்டேங்குது. தல பின்னயில பின்னாடிதானே நிப்பாங்க."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

பாத்திமா மேரி பின்னலை முடிந்துவிட்டாள். பிறகு, "ஓ மொகத்தப் பாத்துக்கடி. எங்க அக்கா சின்னதுல இப்படியேதான் இருக்கும். இதே நெத்தி, இதே மூக்கு" என்றாள். பிள்ளை உள்ளே ஓடிவந்து அவர் சவரக் கண்ணாடியை எடுத்தாள். ரசம் போன கண்ணாடி. ஒரு கண்ணைப் பார்த்தால் மறு கண் தெரியாது. சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

பாத்திமா மேரி போன பிறகு விண்ணரசியிடம் கேட்டேன்: "நீ மட்டும் தனியா ஒரு போட்டோ எடுத்துக்கிறியா? அதுல மொகம் முழுசாத் தெரியும். நாங்க நிக்கல."

"ஒருத்தர மட்டும் எடுப்பாங்களா டீச்சர்?"

எடுப்பாங்க என்றேன்.

டிசம்பர் 14

பாவாடை தைத்து முடித்தேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "மொதல்ல அவள எடுக்கட்டும். அப்புறம் மூணு பேரும் நிக்கலாமான்னு கேட்டுப் பாப்போம்" என்றார். ஆசையை விட மாட்டார் போல.

டிசம்பர் 23, செவ்வாய்

திருமானூர் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். கீழப்பழுவூரில் நின்றுவிட்டது. டிரைவர் கரி கிளறி, அடுப்பு பிடித்து, அது கிளம்புவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அவர் கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் இருக்க நின்றுகொண்டே வந்தார்.

அரியலூர் போய்ச் சேர்ந்தபோது ஸ்டூடியோக்காரர் வேணுகோபால் கதவைச் சாத்தப் போனார். அங்கே விளக்கு கிடையாது. கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். "ஒண்ணு எடுக்கலாம். அதுக்கு மேல முகம் விழாது. எல்லாரும் நில்லுங்க" என்றார்.

விண்ணரசியின் அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பாவ மட்டும் எடுங்க" என்றேன்.

கறுப்புத் துணிக்குள் ஸ்டூடியோக்காரர் தலை போனதும் பிள்ளை மிரண்டுவிட்டாள். எங்களைத் தேடினாள். "இங்கதான் இருக்கேன். நேராப் பாரு" என்று கேமராப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நேராகப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கம்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். மஞ்சள் பாவாடையைப் பற்றி எல்லோரும் கேட்டார்களாம். "டீச்சர் தச்சது" என்றாளாம்.

1948 ஜனவரி 5, திங்கள்

அரியலூர் மண்டியில் நிலக்கடலை விற்கப் போன இடத்தில் அவர் போட்டோவையும் வாங்கி வந்தார். விண்ணரசி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "அம்மா இப்படியாப்பா இருந்தாங்க?" அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மாட்டைப் பார்ப்பதுபோல் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், பொங்கலுக்குப் போவோமா? காலம்பற பஸ்ஸுக்கே போயிரணும்."

"எதுக்கு?"

"மூணு பேரும் எடுக்கத்தான்." யோசித்தாள். "நீங்க நின்னீங்கன்னா அப்பாவவிட ஒசரமாத் தெரிவீங்க. நாற்காலியில உக்காந்துக்குங்க. நான் ஒங்க பக்கத்துல நிக்கிறேன்."

உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.